தீர்மானம் எண் நான்கு

ஜெகதேவி சபை மன்றம், மே மாதம், மாலை ஐந்தே கால்.
ஆஜர் பதினொரு பேர். ஜெபத்தோடு தொடங்கியது.
ஒரே மின்விசிறி, எல்டர் ஜீவரத்தினத்தின் தலைக்கு நேர் மேலே.
எழுதுகிறவள் நான், சலோமி,
கிரானைட் கம்பெனியில் லோடு கணக்கு எழுதும் அதே கையால்.
எனக்கு ஓட்டு கிடையாது.

புகார் இதுதான்:
போன ஞாயிறு பிரசங்கத்தில் ஆயர் நெகேமியா
கிறிஸ்து சேரியில் பிறந்தார் என்றார்.
'பிறந்தார்' கூட இல்லை, 'பிறந்துகொண்டிருக்கிறார்.'
அந்த வினைச்சொல்லின் காலத்துக்கே
அரைமணி நேரம் போயிற்று.

எல்டர் சொன்னார்:
"பாவம் தோலுக்குக் கீழே இருக்குது தம்பி,
எல்லாத் தோலுக்கும் கீழே.
சிலுவையை ஒரு தெருவுக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டா
மத்தத் தெருக்காரன் எதைப் பிடிச்சுக்கிட்டுச் சாவான்?"

நல்ல கேள்வி.
பேனா கொஞ்சம் நின்றுதான் போனது.

ஆயர் சொன்னார்:
"பட்டா எப்பவோ போட்டாச்சு, ஐயா.
நான் பத்திரத்தைப் படிச்சுத்தான் காட்டினேன்."

அதுவும் நல்ல பதில்.
ஆனால் அதோடு நிறுத்தவில்லை அவர்.
விளிம்பு என்றார், எட்டு முறை.
அந்த விளிம்பில்தான் என் வீடு.
எங்களுக்கு அது நடு.

பொருளாளர் சீமோன் ஜன்னல் வழியே மேகம் பார்த்தார்.
தோத்தாபுரி இன்னும் இருபது டன் மரத்தில்.
ஆலங்கட்டி விழுந்தால்
எந்த இறையியலும் கூழாகாது அவருக்கு.

நான் பழைய உபதேசக்காரி.
இதை ஆயரிடமும் சொல்லியிருக்கிறேன்.
வீடு சந்திக்க வந்தபோது கேட்டேன்:
சரீரம் எழுந்திருக்கும்தானே?
டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:
"அதை மக்கள் எழுச்சின்னு புரிஞ்சுக்கலாம், அக்கா."

புரிந்துகொள்ள எனக்கு வசதியில்லை.
என் அப்பா குவாரி வெடியில் போனவர்.
இடது கையைக் கடைசிவரை தேடினோம்.
உவமையாக எழுந்து வந்தால்
அவரை நான் எப்படி அடையாளம் காண்பேன்?
கையோடு வர வேண்டும், மோதிர விரலோடு,
தண்ணீர் கறை பிடித்த அந்தப் பல்லோடு.

எல்டர் இதை நம்புகிறார். வரிக்கு வரி.
ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில்
அவர் குரல்தான் சத்தமாய்க் கேட்கும்.
அவர் அம்மாவின் கல்லறையில் கறுப்புப் பளிங்கு.
அறுத்தவர் என் அப்பா.
நடுவில் மதில். எட்டடி.

தீர்மானம் ஒன்று, இரண்டு: ஒத்திவைப்பு.
மூன்று: ஆயர் பேராயருக்கு விளக்கம் எழுத வேண்டும்.
நான்காவதற்குக் கல்லறைக்காவல் யோபு
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.
மதிலுக்கு நடுவே இருக்கும் சின்னக் கேட்டின் பூட்டு
துருப்பிடித்துப் போச்சு,
காற்றடித்தால் தானாகவே திறந்துகொள்கிறது,
இந்தப் பக்கத்து ஆடு அந்தப் பக்கம் மேயுது.
புதுசு இருநூற்றெண்பது ரூபாய்.

யாரும் வாதாடவில்லை.
மதிலைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிய ஆயர்கூட
பைலை மூடிக்கொண்டிருந்தார்.
மதில் கட்டியவன் பெயரை வைத்துக்கொண்டு பாவம்.
நான் மட்டும் கேட்டேன், ஓட்டில்லாதவள்:
"எக்காளம் ஊதுற அன்னிக்கு
சாவி யார்கிட்ட இருக்கும்?"

சீமோன் சிரித்தார். எல்டர் சிரிக்கவில்லை.
என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்,
வாய் அசைந்தது, ஏதோ பழைய வரி போல.
பிறகு, "எழுதும்மா, நேரமாச்சு."

எழுதினேன்.
தீர்மானம் எண் நான்கு:
கல்லறைத் தோட்ட நடுக்கேட்டின் பூட்டைக்
கழற்றிவிட ஏகமனதாய் ஒப்புதல். செலவு இல்லை.

கையெழுத்துப் போடுகிறவர்கள் படிப்பதில்லை.
பதினொரு பேர்.
எல்டர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
விரல் வைத்து, ஒவ்வொரு வரியாய் இறங்கி,
நான்கில் நின்று,

"பேனா எழுதலையே," என்றார்.
என்னுடையதைக் கொடுத்தேன்.